நகம் கிள்ளிய காம்புகள்

பொய் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டுக்கொள்வதைவிட அது மேல்.

"வரப்புல, வாய்க்கா கரையில மொளைக்கிற கீரைய நீங்க பறிச்சி சமைக்கிறதுண்டாம்மா?" என்று ஆராய்ச்சிக்கு வந்த அம்மா கேட்டார்.

"நாங்க எதுக்கும்மா அதையெல்லாம் திங்கப் போறோம்? மார்க்கெட்டுல வாங்கித்தான் ஆக்குறோம்" என்றேன்.

அதைச் சொன்னபோது என் மடியில் இரண்டு பிடி பொன்னாங்கண்ணி இருந்தது. அதன் ஈரம் இடுப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் பதினோரு பேர். முதலியார்பேட்டைப் பக்கம் சந்துகளில் குடியிருப்பவர்கள். எங்கள் வீட்டு ஆண்கள் மில்லில் இருந்தவர்கள். மில்லை மூடிய பிறகு ஒருவர் ஆட்டோ ஓட்டினார், ஒருவர் வாட்ச்மேன் ஆனார், ஒருவர் தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் தூக்கப் போனார். பெண்கள் நாங்கள் நடவுக்கும் களைக்கும் போகக் கற்றுக்கொண்டோம். விடியும் முன் ஷேர் ஆட்டோவில் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காராத குறையாக ஏறி, தவளக்குப்பத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கே நடப்போம். ஆள் சேர்ப்பது நான். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, யார் நாளைக்கு வரமாட்டாள், எல்லாம் என் தலைக்குள் இருக்கும். எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஒவ்வொரு எழுத்தாக ஊன்றி ஊன்றி. எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

களை எடுப்பதில் ஒரு வழக்கம் உண்டு. பிடுங்கியதில் தின்னக் கூடியது பிடுங்கியவளுக்கு. கரையேறிப் போகிறபோது வரப்பில் கிள்ளுவதும் அப்படியே. இதை எந்த நிலத்துக்காரரும் வாய்விட்டுக் கொடுத்ததில்லை, நாங்களும் வாய்விட்டுக் கேட்டதில்லை. வயலுக்குள் ஆரைக்கீரை, வரப்பில் கரிசலாங்கண்ணி, வாய்க்கால் கரையில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும், கொஞ்சம் மேடாக இருந்தால் மூக்கிரட்டை. மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் எங்கள் பதினோரு வீட்டிலும் பாதி நாள் சோற்றுக்கு இதுதான் துணை. பிள்ளை பெற்றவளுக்கும் இதுதான், கண் மங்கியவளுக்கும் இதுதான்.

ஆனால் எங்கள் சந்தில் ஒரு வீடு பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்குகிற வீடு. மற்ற வீடுகளும் மில் சம்பளத்தில் தலை நிமிர்ந்து இருந்த வீடுகள். அதற்குள் வரப்புக் கீரையோடு நுழைய எனக்கு மனசு வரவில்லை. ஜவுளிக்கடைப் பையில் கீரையை அடியில் போட்டு, மேலே நாலு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு வருவேன். "இன்னா ஆயா, மார்க்கெட்டுக்கா போய்ட்டு வர்ற?" என்று யாராவது கேட்டால் "ஆமா" என்று ஒரே வார்த்தை. இத்தனை வருஷமும் அப்படியே ஓடிற்று.

போன ஐப்பசியில் ஆராய்ச்சி செய்ய ஒருவர் வந்தார். வந்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா. காதோரம் நரை, கையில் பலகை மாதிரி பெரிய போன். நாங்கள் களைக்குப் போகிற ஊரின் நிலத்துக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் களை மருந்து அடித்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்று எல்லாத் தரப்பையும் கேட்டு எழுதுவது அந்த அம்மாவின் வேலை.

எல்லாத் தரப்பையும் கேட்டார்தான். எங்களை எங்கே வைத்துக் கேட்டார் தெரியுமா? அன்று நாங்கள் களை எடுத்த நிலத்துக்காரருடைய மோட்டார் கொட்டகை வாசலில். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முழங்கால் வரை சேற்றோடு எதிரில் நின்றோம்.

"கேளுங்க மேடம், எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றார் அவர். ஒரு மூச்சு விட்டு, "ஆனா இவங்க டவுன் ஆளுங்க. ஊர்ல சேர்த்தி கெடையாது. வருவாங்க, களை எடுப்பாங்க, ஆட்டோ ஏறிடுவாங்க" என்றார். நம்ம ஆட்கள் என்று சொன்ன வாயாலேயே எங்களுக்கு ஊரில் இடமில்லை என்றும் சொல்லி முடித்துவிட்டார்.

கேள்விக்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார் அந்த அம்மா. கைநாட்டு வைக்க மை டப்பாவும் எடுத்து வந்திருந்தார். "மை வேணாம்மா, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்று சொல்லிப் பேனாவை வாங்கினேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. போடத் தெரியும் என்று காட்டுவதிலேயே என் கவனம் இருந்தது.

அப்புறம்தான் கீரைக் கேள்வி. அந்த மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்க்கிறார். உங்கள் வரப்பில் முளைத்ததைத்தான் நாங்கள் தின்கிறோம் என்று அவர் முகத்துக்கு நேரே நான் எப்படிச் சொல்வது? மார்க்கெட் என்றேன். நான் சொன்னதால் மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். "பாத்தீங்களா மேடம்?" என்று அவர் சிரித்தார். அந்த அம்மா போனில் ஏதோ தட்டிக்கொண்டார்.

எங்கள் செட்டில் ஒருத்திக்கு வாய் நீளம். ஐஸ் தூக்குகிறவர் வீட்டுக்காரி அவள். ஆட்டோ கிளம்பியதும் ஆரம்பித்தாள்.

"யக்கா, நீ மார்க்கெட்டுலதான் வாங்குவியா?"

"சும்மா வாடி."

"இல்லக்கா, மார்க்கெட்டுல வாங்குறவளுக்கு மடியில எதுக்கு பொன்னாங்கண்ணி? இப்டி என் மடியில கொட்டு. நான் ஏழ."

ஆட்டோவே குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு அவளே சொன்னாள்: "மருந்து அடிச்சிட்டான்னா இந்த சிரிப்பெல்லாம் வராதுக்கா." நான் மடியை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

பதினைந்து நாள் போயிருக்கும். தவளக்குப்பத்து டீக்கடையில் அந்த வாய் நீளக்காரிதான் செய்தி பிடித்து வந்தாள்.

"இன்னைக்கி சாயங்காலம் சங்கத்துக் கட்டடத்துல அந்த ஆராய்ச்சிய படிக்கிறாங்களாம்க்கா."

"நம்மள கூப்டாங்களா?"

"விவசாயிங்கள கூப்டுருக்காங்களாம்."

"அப்ப நாம யாரு?"

"நாமதான் டவுனாச்சே!"

வேலை முடித்துச் சேற்றுக் காலோடு நேராகப் போனோம். முன்னால் நாற்காலி போட்டு நிலத்துக்காரர்கள். பின்னால் தரையில் நாங்கள் உட்கார்ந்தோம். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வரச் சொல்லியும் சொல்லவில்லை. அந்த அம்மா நின்றுகொண்டு படித்தார். எலி, நண்டு வளை, மருந்து, ஆள் கூலி என்று வரிசையாக வந்தது. பிறகு இதைப் படித்தார்: வரப்பிலும் கரையிலும் முளைக்கும் கீரையை உணவுக்கு நம்பியிருக்கும் குடும்பம் எதுவும் இல்லை என்று தெரியவந்தது.

தெரியவந்ததாம். யார் வாயிலிருந்து தெரியவந்தது? என் வாயிலிருந்துதான். நான் ஒருத்தி மானம் காத்துக்கொண்டதற்குப் பதினோரு வீட்டுச் சோறு போகப் போகிறது. எழுந்து நின்றேன்.

"அது பொய்ம்மா."

எல்லாத் தலையும் திரும்பியது.

"எதும்மா பொய்?" என்றார் ஆராய்ச்சி அம்மா.

"நான் சொன்னது. மார்க்கெட்டுல வாங்குறோம்னு சொன்னேனே, அது. அந்தக் கீரையதான் திங்கிறோம். பதினோரு வூட்லயும் திங்கிறோம்."

எங்கள் நிலத்துக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "இந்தாம்மா, அன்னைக்கி சொன்னது பொய்யா, இன்னைக்கி சொல்றது பொய்யா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"அன்னைக்கி சொன்னதுதாங்க பொய். ஒங்க கொட்டகையில, ஒங்க நாற்காலிக்கு எதிர்ல நிக்க வச்சி, ஒங்க வரப்புல இருக்குறத திங்கிறியான்னு கேட்டா எவ ஆமான்னு சொல்லுவா? ஒங்க வூட்ல இன்னைக்கி இன்னா கொழம்புன்னு எங்க சந்து முனையில வந்து நின்னு நீங்க சொல்லுவீங்களா?"

முன்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இவங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காங்க மேடம்" என்றார் அவர்.

"ஆமாங்க, வயிறு சொல்லிக் குடுத்துச்சி" என்றாள் வாய் நீளக்காரி, உட்கார்ந்தபடியே.

நாளைக்கே எங்கள் சந்துக்கு இது வந்துவிடும் என்று தெரியும். வரட்டும் என்று நின்றேன். ஆராய்ச்சி அம்மா கையிலிருந்த தாளை மடித்தார். "தப்பு என்னோடதும்தான். நான் கேட்ட எடம் தப்பு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். இந்தப் பகுதியை மறுபடி விசாரித்துத்தான் எழுதுவேன், அதுவரை மருந்து அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் யாருக்கும் வாய் வரவில்லை.

வெளியே குழாயடியில் நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஆராய்ச்சி அம்மா வந்தார்.

"எப்படிக் கேட்டா சரியா சொல்லுவீங்கம்மா?"

நான் இரண்டு காலையும் கழுவி முடித்த பிறகு சொன்னேன். "கேக்காதீங்க. எங்ககூட எறங்குங்க. நிலத்துக்காரர் பக்கத்துல இருக்கக் கூடாது. ஒருத்தி ஒருத்தியா தனியா கூப்டாதீங்க, பதினோரு பேரும் ஒண்ணா இருப்போம். அந்தத் தாள மறுபடியும் கொண்டாங்க. இந்த வாட்டி படிச்சிட்டுதான் கையெழுத்து."

கொண்டு வந்தார். அடுத்த நாள் காலை வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நானே படித்தேன். "நான் வேணா படிச்சிக் காட்டட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். எழுத்துக் கூட்டி முடிக்க வெயில் நன்றாக ஏறிவிட்டது. அவர் போனைத் தொடாமல் காத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம், பொய்யே வேண்டியிருந்திருக்காது. இன்னொரு வரி, கண்டதை எல்லாம் பங்கெடுத்தவர்களுக்கு நேரில் சொல்வோம் என்று. அதில் விரலை வைத்தேன்.

"அப்ப அன்னைக்கி எங்கள ஏன் கூப்புடல?"

நான் விரலை எடுக்கவில்லை. கடைசியில் "கூப்பிட்டிருக்கணும்மா" என்றார். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

எங்களோடு இறங்கி, வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் பன்னிரண்டு இடத்தில் பிளாஸ்டிக் குழாயால் சதுரம் செய்து பதித்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. உள்ளே என்ன முளைக்கிறது, எவ்வளவு முளைக்கிறது என்று பத்து நாள் கழித்து வந்து எண்ணுவாராம். அதுவரை யாரும் தொடக் கூடாது. நான் செட்டைக் கூட்டி வைத்துச் சொன்னேன்: "கட்டத்துக்குள்ள எவ கை போச்சோ, அந்தக் கைய ஒடிப்பேன்."

பத்தாம் நாள் அவர் வந்தார். முதல் கட்டத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், ஓட்டமாகப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் மொட்டை. கொழுந்து ஒன்றுகூட இல்லை.

நான் செட்டின் பக்கம் திரும்பினேன். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு பிடிதான்க்கா, அதுவும் அந்த ஓரத்துக் கட்டம்" என்றாள் ஒருத்தி. "எனக்கு ரெண்டு கட்டம். மருமவ முழுவாம இருக்கா" என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் நான் மட்டும்தானே எடுத்தேன், மற்றது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறாள். வாய் நீளக்காரி என்னைப் பார்த்தாள். "வல்லார இருந்த மூணாவது கட்டம் யாருக்கா எடுத்தது?"

நான்தான் எடுத்தேன். மழை விட்ட மூன்றாம் நாள் கொழுந்து கையளவு நிற்கிறது. அதைப் பத்து நாள் முற்ற விட்டுப் பூக்க விடுவது எங்கள் கைக்குத் தெரியாது. என் கையை நானே ஒடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து நிலத்துக்காரர் வரப்பில் வந்தார். கட்டங்களைப் பார்த்ததும் அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "மாடு மேஞ்சிருக்கு மேடம். எங்க மாடுதான், அவுத்து வுட்டுருந்தேன். மாடு திங்கிறதுக்கு இன்னா ஆராய்ச்சி? அடிச்சிட வேண்டியதுதான்."

ஆராய்ச்சி அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கட்டம் போட்டதே வீண் என்று நினைத்தார் போல. நான் மூன்றாவது கட்டத்துக்கு அடுத்ததில் குந்தி உட்கார்ந்தேன்.

"இங்க வந்து குந்துங்கம்மா. மாடு கீரைய கிள்ளாது, நாக்கால சுருட்டி இழுக்கும். ஈர மண்ணுன்னா வேரோட வந்துரும், இல்லன்னா பிச்ச நாரு தொங்கும். இத பாருங்க."

பொன்னாங்கண்ணிக் காம்பு ஒன்றைப் புரட்டிக் காட்டினேன். கணுவுக்கு ஒரு விரல் மேலே, வெட்டியதுபோல் நேராக நின்றது. கணுவின் இரண்டு பக்கமும் அரிசி அளவுக்குப் புதுத் துளிர்.

"இது நகம் கிள்ளுனது. இந்த எடத்துல கிள்ளுனாதான் ரெண்டு பக்கமும் வரும். அடுத்த வாரம் ஒரு பிடி ரெண்டு பிடியாவும். மாட்டுக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு இருக்கா?"

வாய் நீளக்காரி சும்மா இருப்பாளா? "பக்கத்துல கோரை நிக்குது, அருகு நிக்குது, அதையெல்லாம் வுட்டுட்டு வல்லாரைய மட்டும் பொறுக்கித் தின்னுருக்குதே ஒங்க மாடு! அத எங்க செட்டுக்கு அனுப்புங்கய்யா, ஆளு பத்தல."

அவர் போய்விட்டார். அந்த அம்மா புடவை நனைய மண்டி போட்டு ஒவ்வொரு காம்பாகப் பார்த்தார். கட்டத்துக்கு வெளியே போனார். அங்கே ஒரே காம்பில் கிள்ளி, துளிர்த்து, மறுபடி கிள்ளி, மறுபடி துளிர்த்த தழும்பு மூன்று நான்கு அடுக்காக இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"நான் எண்ண வந்தது வேற. எண்ண வேண்டியது இதுதாம்மா" என்றார்.

அவர் ஒருவரால் அந்தக் கரையை எண்ணி முடிக்க முடியாது. பதினோரு பேரும் கரையைப் பங்கு போட்டுக்கொண்டோம். கிள்ளிய காம்பு நூறு ஆனால் முந்தானையில் ஒரு முடிச்சு. எந்தக் கீரை, கிள்ளி எத்தனை நாள் இருக்கும் என்று நாங்கள் பார்த்துச் சொல்ல, அவர் எழுதினார். அவருக்குச் சந்தேகம் வந்த இடத்தில் எங்களைக் கேட்டார். எங்களுக்குள் சண்டை வந்த இடத்தில் இரண்டையும் எழுதினார். கணுவைப் பார்த்து நாள் சொல்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் படிப்பு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, நாங்களும் நினைத்ததில்லை.

இரண்டாவது தடவை சங்கத்துக் கட்டடத்தில் படித்தபோது எங்களை முறையாகக் கூப்பிட்டார்கள். தரையில் உட்காரப் போனவளை நான் கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். முடிச்சுப் போட்ட எண்ணிக்கையை அந்த அம்மா படித்தார், காம்புகளின் படத்தைப் பெரிதாகக் காட்டினார், பிறகு என்னைப் பேசச் சொன்னார். நான் நீட்டிப் பேசவில்லை. "நீங்க அடிக்கப் போற மருந்து எங்க சோத்துல விழுது. அவ்ளோதான்" என்றேன்.

முழுக்க ஜெயித்தோம் என்று எழுத மாட்டேன். வாய்க்கால் பொது, அதனால் கரைக்கு மருந்து கிடையாது என்று தீர்மானம் எழுதினார்கள். அவரவர் வரப்பு அவரவர் விருப்பம் என்றும் எழுதினார்கள். அதற்கு மேல் ஆராய்ச்சி அம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் நிலத்துக்காரர் கட்டட வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"என் வரப்புக்கு நான் அடிப்பேன். ஒங்க செட்டு இனிமே என் நெலத்துல எறங்க வேணாம்."

"சரிங்க" என்றேன். வேறு என்ன? கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

சொன்னபடியே அடித்தார். நாலே நாளில் அவர் வரப்பெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆயிற்று. எங்களை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. கிழக்கே வேறு நிலங்களுக்குப் போகிறோம். கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. செட்டில் இரண்டு பேர் என்னால்தான் இந்த நடை என்று முணுமுணுக்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

ஆனால் வாரம் ஒரு நாள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதினோரு பேரும் அந்த வாய்க்கால் கரைக்குப் போகிறோம். கரை அவருடைய மோட்டார் கொட்டகைக்கு நேர் எதிரே ஓடுகிறது. போன வாரம் அவர் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"வேல இல்லாத எடத்துல ஒங்களுக்கு இன்னா வேல?"

"கீர கிள்ளுறோம்!" என்றேன், அவர் கொட்டகைக்கும் அதற்கு அப்பால் ரோட்டுக்கும் கேட்கிற மாதிரி. "ராத்திரி கொழம்புக்கு!"

அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் நிமிரவில்லை. எனக்குப் பாதிக் கரை பாக்கி இருந்தது.